மைதானம் திறந்தாச்சு, ஹம்மாம் திறக்கலை

2020 ஜூன் 16, செவ்வாய்

முனையில் இருக்கும் காப்பிக்கடை இன்று திறந்துவிட்டது. நாற்காலிகளைக் கழுவி, ஒன்று விட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள். முடிவெட்டும் கடை போன வாரமே திறந்தாயிற்று. தையல்காரர், செருப்புக்கடை, ஆலிவ் ஊறுகாய் விற்கிறவர், எல்லாரும் வந்துவிட்டார்கள். எங்கள் ஹம்மாம் கதவில் மட்டும் மார்ச் மாதம் நோய்த்தொற்றுக்காக மூடியபோது ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. எழுத்தே மங்கிப்போச்சு.

பதினோரு வருடமாக அந்த வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். வெந்நீரிலும் ஆவியிலும் குளிக்க வரும் பெண்களின் பைகளை வாங்கி வைப்பேன், சண்டையை விலக்குவேன், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எனக்குத்தான் முதலில் தெரியும். இப்போது என் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து அடுத்தவர் கடை திறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் புஷைப் மொட்டைமாடியில் ஓடுகிறார். நேராக ஓடினாலும் பரவாயில்லை, பக்கவாட்டில், நண்டு மாதிரி. கால்பந்து மேட்சில் கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன் அப்படித்தான் ஓட வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரியின் துணிக்கொடியில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டார். "ஸி புஷைப், எம் போர்வைக்கும் கொடி காட்டுவீங்களா?" என்று மரியாதையாக ஸி போட்டே அவள் கத்தினாள். சிரித்தேன். ரொம்ப நாள் ஆயிற்று.

ஜூன் 19, வெள்ளி

லீக் மறுபடி நடக்குமாம். ஜூலைக் கடைசியில். பார்வையாளர் கிடையாது, ஆனால் நடக்கும்.

செய்தி வந்தபோது கூஸ்கூஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு கொடிகளையும் எடுத்து, கையால் துவைத்து, மாடியில் காயப்போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

எனக்குத் தெரியும். நவம்பரில் நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குமேல் முதல் பிரிவில் கொடி பிடிக்க விடமாட்டார்கள். மார்ச்சில் எல்லாம் நின்றபோது ஒரு நாள் சொன்னார்: "கடைசி மேட்ச் எதுன்னு தெரியாமலே கடைசி மேட்ச்ச ஓடி முடிச்சுட்டேன், ஸுஹூர்." வெளியூர் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிற மனிதர். இருபத்திரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆளாக இருந்தார். அந்த ஆள் திரும்பி வரப்போகிறார்.

சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம். ஆனால் செய்தி முடியும்வரை காத்திருந்தேன் – ஹம்மாம் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று. வரவில்லை.

ஜூன் 25, வியாழன்

தொற்று குறைந்த முதல் மண்டல ஊர்களில் ஹம்மாம் திறக்கலாம், பாதிப் பேரோடு. நாங்கள் இரண்டாம் மண்டலம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் பிறந்திருந்தால் குளித்திருக்கலாம்.

ஹ்னியா வந்தாள். உள்ளே முதுகு தேய்ப்பவள், இருபது வருடமாக. எனக்கு அக்கா மாதிரி, ஆனால் வாய் மட்டும் அக்கா மாதிரி இல்லை. கைகளை மேசைமேல் விரித்துக் காட்டினாள்.

"பாருடி. மெத்துன்னு ஆயிடுச்சு. கல்யாணப் பொண்ணு கை மாதிரி. இந்தக் கைய யாரு நம்புவா?"

"திறந்துடுவாங்கக்கா. அடுத்த மாசம்."

"நீ சொல்ற, சரி. வயித்துக்கு யாரு சொல்றது?"

போகும்போது பாதி ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வாள். 

ஜூலை 9

புஷைப்புக்கு மூக்கில் குச்சி விட்டுச் சோதனை. குழந்தை மாதிரிப் புலம்பிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் இப்படியாம். கூடவே ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள் – எந்த ஊருக்கும் போகலாம், போலீஸ் தடுக்காது. டாக்ஸியில் மூன்று பேருக்குமேல் ஏற்றினால் அபராதம் போடும் அதே போலீஸ்.

ஜூலை 28, செவ்வாய்

நேற்று முதல் மேட்ச். ஹ்னியாவும் எங்கள் வீட்டு டிவியில் பார்க்க வந்தாள். காலி மைதானம். பந்து உதைக்கிற சத்தம்கூடக் கேட்டது. புஷைப் ஓரக்கோட்டில் ஓடிவந்தபோது நான் கத்தியே விட்டேன். மாடியில் ஓடினபோது நண்டு, அங்கே பார்த்தால் என்ன அழகு.

முப்பதாவது நிமிடம் கோல். பதினோரு பேரும் ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்து கட்டிக்கொண்டார்கள். வியர்வை, எச்சில், முத்தம். ஹ்னியா தேநீர் டம்ளரை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"பாத்தியா, கட்டிப்பிடிச்சா ஒட்டாத நோய். முதுகு தேச்சா மட்டும் ஒட்டிக்கும்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. 

ஜூலை 31

பெருநாள். ஹம்மாம் போகாமல் வந்த பெருநாள். வாளித் தண்ணீரில் குளித்துவிட்டுப் புதுத்துணி போட்டால் அது புதுத்துணியே இல்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

முதலாளி ஹாஜ் மாத்தி கூப்பிட்டார். குரலிலேயே தெரிந்தது. "ஸுஹூர், திங்கக்கெழம உலை மூட்டறோம்!"

கையிலிருந்த வெங்காயத்தைத் தூக்கிப் போட்டேன். ஹ்னியாவுக்கு முதலில் சொல்ல வேண்டும், யாரை எந்த வாரம் என்று மனசுக்குள் வரிசை போட ஆரம்பித்துவிட்டேன். அவர் மெல்ல மெல்ல மீதியைச் சொன்னார். நம் ஊர் அணி ஆட்டக்காரர்களுக்கு மட்டும். வாரம் இரண்டு நாள். பயிற்சி முடிந்து தசை இளக வெந்நீர் வேண்டுமாம். கிளப் எழுதிக் கேட்டதாம், அலுவலகத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்களாம். தாளில் 'ஹம்மாம்' என்றே எழுதவில்லை. 'விளையாட்டு வீரர் உடல் மீட்பு நிலையம்.'

"தேய்க்கற பொம்பளைங்க?"

"அவங்க மசாஜ்காரன அவங்களே கூட்டிட்டு வராங்க. நீ வாசல்ல இருந்தா போதும். சாவி உங்கிட்டத்தான்."

சரி என்றேன். எனக்கு வேலை வேண்டும். அதையும் எழுதிவைக்கிறேன். மறைக்க என்ன இருக்கு.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது.

உலை நேற்றே மூட்டியாயிற்று. சூடு ஏற ஒரு நாள் பிடிக்கும். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் புகை எங்கே போகும் என்று நானும் யோசிக்கவில்லை, ஹாஜும் யோசிக்கவில்லை. ஐந்து மாதமாகச் சும்மா கிடந்த புகைபோக்கி, ஊர் முழுக்கத் தெரிகிற உயரம்.

காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால், தெரு முழுக்கப் பெண்கள். வாளி, பாய், மருதாணிக் கிண்ணம், கருப்புச் சோப்பு, குழந்தைகள். யாரும் கூப்பிடவில்லை. புகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் குலவையிட்டாள். அதைக் கேட்டு மற்றவர்களும். கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

வரிசையின் முன்னால் ஹ்னியா. முதுகு தேய்க்கிற கையுறையை மாட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு இல்ல."

"என்னடி இல்ல? புகை வருது."

"அது ஆட்டக்காரங்களுக்கு. அவங்களுக்கு மட்டும்."

அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். பின்னாலிருந்து ஒரு கிழவி, "நாங்களும் ஒரு பந்து கொண்டாரணுமா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் ஏச்சு ஆரம்பித்தது. என் அம்மா வரைக்கும் போனார்கள். நம்ம வட்டாரத்து முகத்தம் ஸி ஜிலாலி ஓடிவந்து – அரசாங்கத்தின் கண், காது, மூக்கு எல்லாம் அவர்தான் – "கூட்டம் கூடாது, கலைஞ்சு போங்க" என்று கையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்துக் கிளப் பேருந்து வந்து நின்றது. பையன்கள் இறங்கினார்கள். பெண்கள் வாளியோடு ஒதுங்கி வழி விட்டார்கள். அதில் பாதிப் பையன்களைப் பெற்ற வயசு அவர்களுக்கு.

ஹ்னியா கையுறையைக் கழற்றி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.  அவள் பேசாமல் போனது என் அம்மாவைத் திட்டினதைவிட மோசம்.

ஆகஸ்ட் 28

பையன்கள் நல்லவர்கள்தான். அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் சுலபம். ஸுஹைர் என்று ஒருவன், பன்னிரண்டாம் எண், என் மேசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுவான். சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி, "கால்தி, எங்கம்மாவும் ஹம்மாம் இல்லாம பொலம்பறா" என்றான். ஒரு பெட்டி முகக்கவசம் கொடுத்தான்.

செப்டம்பர் 5, சனி

புஷைப்போடு சண்டை. பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு சண்டை போட்டதில்லை.

பருப்புக் கஞ்சியில் உப்பு அதிகம் என்றார். அவ்வளவுதான். எங்கேயோ இருந்த கோபம் எங்கேயோ போய் விழுந்தது. உங்களுக்குத் தங்க ஓட்டல், உங்களுக்குச் சோதனை, உங்களுக்குப் பயணத்தாள். ஹ்னியா வீடு வீடாகப் போய்த் தொட்டியில் வைத்துத் தேய்க்கிறாள், நேற்று ஒருத்தி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறாள், "நீ எத்தன வீட்டுக்குப் போயிட்டு வரியோ" என்று. இது என்ன நியாயம்?

அவரும் விடவில்லை.

"பந்து உதைக்கறத வெளையாட்டுன்னு நெனைக்கறியா? டிவிக்காரன் காசு நின்னா கிளப்பு மூடும். புல்லு வெட்டறவன், பஸ் ஓட்டறவன், துணி துவைக்கறவன், அவங்க வீட்லயும் அடுப்பு எரியணுமில்ல?"

"அவங்க அடுப்பு எரியட்டும். எங்க அடுப்ப ஏன் அணைக்கறாங்க?"

"ஸுஹூர், மைதானத்துல அம்பது பேரு. எல்லாரையும் பேரு எழுதி, மூக்குல குச்சி விட்டு, அடைச்சு வைக்க முடியுது. உன் ஹம்மாமுல ஆவிக்குள்ள நாப்பது பொம்பளைங்க, மூஞ்சே தெரியாது. யாரு சோதிக்கறது?"

"யாராவது வந்தாங்களா? ஒருத்தனாவது குச்சி எடுத்துட்டு வந்து, அம்மா, மூக்கக் காட்டுங்கன்னு கேட்டானா? கேட்டிருந்தா நாங்களும் காட்டியிருப்போமே!"

 கஞ்சியை முழுக்கக் குடித்துவிட்டுப் போனார், அந்த உப்போடு.

அவர் சொன்னதும் பொய்யில்லை. ராத்திரி பூரா யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதும் பொய்யில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. அப்புறம் எங்கே தப்பு?

செப்டம்பர் 22

அவருக்குக் கடைசி மேட்ச் வந்துவிட்டது. அக்டோபர் 4, ஞாயிறு, காசாபிளாங்காவில். பெரிய மேட்ச், பட்டம் யாருக்கு என்று முடிவாகிற மேட்ச். "வேணும்னே எனக்குக் கொடுத்திருக்காங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையில் நின்று கை தட்டுமாம், விடைபெறுகிற நடுவருக்கு அப்படி ஒரு வழக்கம். காலி மைதானமானாலும் அது உண்டாம்.

சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கிறேன். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, நான் இப்போதே இஸ்திரி போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 29, செவ்வாய்

நான் ஒன்று செய்துவிட்டேன்.

எதிர்சந்து இல்ஹாமுக்கு இன்று நாற்பதாம் நாள். முதல் பிரசவம். நாற்பதாம் நாள் ஹம்மாமில் வைத்துச் சூட்டில் உடம்பை இளக்கி, இடுப்பைத் துணியால் இறுக்கிக் கட்டி 'மூட' வேண்டும். மூடாவிட்டால் எலும்புக்குள் குளிர் புகுந்துவிடும், ஆயுசுக்கும் இடுப்பு வலி. என் அம்மாவுக்குச் செய்தார்கள், எனக்குப் பிள்ளை பிறந்து தவறிப்போனபோதும் செய்தார்கள். அதை வீட்டுத் தொட்டியில் செய்ய முடியாது. இந்தத் தெருவில் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவள் ஹ்னியா ஒருத்தி.

பகல் ஒரு மணிக்குப் பையன்கள் போய்விட்டார்கள். நான் தரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். பின்கதவில் தட்டுகிற சத்தம். இல்ஹாம், அவளுடைய அம்மா, கைக்குழந்தை. அவர்களுக்குப் பின்னால் ஹ்னியா, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"லல்லா ஸுஹூர், ஒரு மணி நேரம்" என்றாள் இல்ஹாமின் அம்மா. சர்க்கரை வியாதிக்காரி, நடந்து வந்ததிலேயே மூச்சு வாங்கியது. "சூடு எப்படியும் வீணாத்தானே போகுது."

சூடு வீணாகத்தான் போகிறது. அதற்குமேல் நான் யோசிக்கவே இல்லை.

ஹ்னியா உள்ளே போனாள். அவள் கால் பட்டதும் அந்த இடமே வேறாக ஆயிற்று. வாளி உரசுகிற சத்தம், தண்ணீர் கொட்டுகிற சத்தம், "மூச்ச விடு மகளே, விடு, இன்னும் விடு" என்று அவள் குரல். இல்ஹாம் முதலில் முனகினாள், அப்புறம் அழுதாள், அப்புறம் சிரித்தாள். நான் வெளியே மேசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் மணம். இந்த வருடத்தில் எனக்கு இவ்வளவு நிம்மதியாக ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

அவர்கள் போனபிறகு ஹ்னியா உள்ளேயிருந்தே கூப்பிட்டாள். "ஏய், நீயும் வாடி. ஆறு மாசத்து அழுக்கோட எம்முன்னால நிக்காத."

நனைந்தபின் முக்காடு எதற்கு. போனேன். தேய்த்துவிட்டாள். கை மெத்தென்று ஆகிவிட்டது என்று சொன்னதெல்லாம் பொய். தோல் உரிந்துவிட்டது. முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அன்னிக்கு வாசல்ல உம்மேல கோவம் இல்ல. எனக்கே வெக்கமா இருந்துச்சு. கையுறையெல்லாம் மாட்டிக்கிட்டு வந்து நின்னனே."

அக்டோபர் 1, வியாழன், காலை

ஸுஹைருக்குத் தொற்று. இன்று காலை முடிவு வந்ததாம். ஹாஜ் மாத்தி போனில் சொன்னார். "பயப்படாத. கூட இருந்த ஆட்டக்காரங்க, மசாஜ்காரன் பேரு மட்டும் கேட்டாங்க. நீ மேசைக்குப் பின்னால கவசத்தோட இருந்த. உம்பேரு லிஸ்ட்லயே இல்ல. நிம்மதியா இரு."

செவ்வாய்க்கிழமை அவன் என் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்தான். இருமினானா? ஞாபகம் இல்லை. அதே பெஞ்சில்தான் இல்ஹாமின் அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவன் குளித்த அறையில்தான் நாங்கள் – கவசம் இல்லாமல் – குழந்தை என் மடியில் –

யா ரப்பி. என்ன காரியம் பண்ணிட்டேன்.

அதே நாள், பகல்

ஹ்னியாவைப் போய்ப் பார்த்தேன். வாசலில் தள்ளி நின்றே சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வாயத் தெறக்காத."

"அக்கா –"

"உம்புருஷனுக்குக் கடைசி மேட்ச்சுடி. நாளைக்குக் கெளம்பறான். மூணு நாளு. எனக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ இப்ப சொன்னா அவன வீட்ல உக்கார வச்சுடுவாங்க. ஹம்மாமுக்கு சீல் வைப்பாங்க. உன் வேலையும் போகும். யாருக்கு என்ன லாபம்?"

மைதானத்தையும் ஆட்டக்காரர்களையும் அவ்வளவு கிண்டல் செய்தவள் அவள். அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் புருஷனின் மேட்ச் போய்விடக் கூடாது என்கிறாள். அழுகை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது இல்ஹாம் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவளுடைய அம்மா குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு.

மூணு நாளு. இந்த மூணு நாள்ல அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?

வீட்டில் புஷைப் பையில் சாமான் வைத்துக்கொண்டிருந்தார். இன்று காலை எடுத்த சோதனை முடிவு வந்திருந்தது. நெகட்டிவ். போனைக் காட்டினார். நான் பார்க்கவில்லை.

"என்னங்க, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். பின்கதவு, இல்ஹாம், குழந்தை, நான் குளித்தது. பையின் ஜிப் பாதியில் நின்றிருந்தது. அவர் கை அதன்மேலேயே இருந்தது.

"உம்பேரு லிஸ்ட்ல இல்லேல்ல?"

"இல்ல."

"எனக்கு நெகட்டிவ்."

"ஆமா."

"நான் போனா யாருக்கும் தெரியாது."

"தெரியாது" என்றேன். வேறு என்ன சொல்ல? போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அப்புறம் போனை எடுத்தார். நடுவர் குழுத் தலைவரைக் கூப்பிட்டார். கணீரென்ற குரலில், "என் வீட்ல தொற்று சந்தேகம் இருக்கு. ஞாயித்துக்கெழமைக்கு வேற ஆளப் போடுங்க" என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள், சோதனை முடிவு நன்றாக இருக்கிறதே என்று போல. "சந்தேகம் இருக்குன்னு சொன்னேன்ல" என்றார். வைத்துவிட்டார்.

திட்டவில்லை. ஒரு தட்டையாவது உடைத்திருக்கலாம். மாடிக்குப் போய்விட்டார்.

நான் முகத்தம் ஜிலாலியைக் கூப்பிட்டு நான்கு பேர் பெயரையும் குழந்தையின் பெயரையும் சொன்னேன்.

அக்டோபர் 2, வெள்ளி

சோதனை வண்டி ஹம்மாம் வாசலில் வந்து நின்றது. ஆட்டக்காரர்கள், மசாஜ்காரன், அப்புறம் நாங்கள். ஒரே வரிசை, ஒரு மீட்டர் இடைவெளி. ஸுஹைருக்குப் பதிலாக ஆடப்போகிற பையனுக்குப் பின்னால் ஹ்னியா நின்றாள். மூக்கில் குச்சி விட்டதும் கண்ணில் தண்ணீர் வர, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"ஆறு மாசம் கழிச்சு எங்களையும் டீம்ல சேத்துட்டாங்க!"

பையன்கள் சிரித்தார்கள். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். இல்ஹாம் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் மூக்கில் குச்சி விட்டபோது அது வீரிட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

புஷைப்புக்கும் எடுத்தார்கள். இந்தத் தடவை புலம்பவில்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

மேட்ச்.

டிவியைப் போடுவாரா என்று தெரியாமல் காலையிலிருந்து அடுப்படியிலேயே இருந்தேன். நாலு மணிக்குப் போட்டார். உட்காரவில்லை. நான் கதவோரம் நின்று பார்த்தேன், அவரை. டிவியை ஓரக்கண்ணால் மட்டும்.

அவர் இடத்தில் இளைஞன் ஒருவன் ஓடினான். எழுபதாவது நிமிடமோ என்னமோ, பந்து நீளமாக வந்தது, வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் தனியாக ஓடினான். புஷைப்பின் வலது கை சட்டென்று மேலே போனது. கொடி தூக்குகிற மாதிரி, நேராக, விரல் நுனி வரைக்கும் விறைப்பாக. டிவியில் இருந்தவன் கை எழவில்லை. கோல். கோல் என்று கத்தினார்கள், கட்டிக்கொண்டார்கள். பட்டமே அந்தக் கோலில்தான் போனது.

அவர் கையை இறக்க ரொம்ப நேரமாயிற்று.

அக்டோபர் 5

நான்கு பேருக்கும் நெகட்டிவ். குழந்தைக்கும். புஷைப்புக்கும்.

அவர் போயிருக்கலாம்.

அக்டோபர் 9, வெள்ளி

ஹம்மாமுக்குச் சீல். ஹாஜ் மாத்தி கத்தினார்: "பின்கதவத் தொறந்தது ஒரு தப்பு, அத ஊருக்குச் சொன்னது அதவிடத் தப்பு!" இனி வாசலுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. முதல் தப்புக்கு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். இரண்டாவதை மட்டும் நான் தப்பென்று ஒத்துக்கொள்ளவில்லை.

இல்ஹாம் வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது, மூடி போட்டு. நெய்யும் வெந்தயமும் மணக்கிற கோழி, பிள்ளை பெற்றவளுக்குச் செய்வது. யாரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. இருவரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 17

அவருக்கு நாற்பத்தைந்து. நடுவர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம், அச்சடித்தது. பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். பையை இன்னும் பிரிக்கவில்லை, அலமாரிக்கு மேலே அப்படியே இருக்கிறது. பேசுகிறார், பேசாமல் இல்லை. ரொட்டி, எரிவாயு, மழை. நான் வெளியே போனால் எங்கே என்று கேட்பதில்லை. முன்பெல்லாம் டாக்ஸியில் கொண்டுபோய் விடுவார்.

2021 ஜனவரி 12

கேட்டுவிட்டேன். "எம்மேல கோவமா?" என்று.

"இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "உம்மேல இல்ல. போயிருக்கலாம்னு தெனமும் தோணுது. அதான் கோவம்" என்றார்.

பிப்ரவரி 8, திங்கள்

நாளை மறுநாள் ஹம்மாம் திறக்கிறது. பெண்களுக்கு. பாதிப் பேர், ஒரு மணி நேரம், வெப்பமானி, பெயரெழுதும் பதிவேடு. ஹாஜ் மாத்தி போன் செய்து ஐந்து நிமிடம் தொண்டையைக் கனைத்தார். வேறு ஆள் வைத்திருந்தாராம். ஹ்னியா போய் நின்று, "அவ வாசல்ல இல்லன்னா நான் உள்ள இல்ல. நான் உள்ள இல்லன்னா உங்க தண்ணில நீங்களே குளிச்சுக்கங்க, ஹாஜ்" என்று சொன்னாளாம். மற்ற தேய்க்கிறவர்களும் அவள் பின்னால் நின்றார்களாம்.

"பேரெழுதற வேலைக்கு நீதான் சரியான ஆளு" என்றார், பாதி எரிச்சலோடு.

பிப்ரவரி 10, புதன்

காலை ஏழரைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். புஷைப் சாவியை எடுத்தார். "வா, விடறேன்."

நடக்கிற தூரம்தான். ஏறிக்கொண்டேன்.

தெரு முனையில் வண்டி நின்றுவிட்டது. மேலே போக வழியில்லை, வாளிகளோடு பெண்கள். ஹ்னியா கையுறையோடு வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் அளந்து நிறுத்திக்கொண்டிருந்தாள், கத்திக்கொண்டே. நான் கதவைத் திறக்கப் போனேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்:

"அந்தக் கோலு. அது ஆஃப்சைடு தானே?"

நாலு மாதத்தில் அந்த மேட்சைப் பற்றி அவர் பேசினது இதுதான் முதல். நான் டிவியைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

"உங்க கை மேல போச்சுல்ல" என்றேன். "அப்ப ஆஃப்சைடுதான்."

தலையை ஆட்டினார். இரண்டு தடவை. பிறகு பின்னால் கை நீட்டி என் பையை எடுத்துக் கொடுத்தார்.

"எத்தன மணிக்கு முடியும்?"

"அஞ்சு."

"அஞ்சுக்கு வரேன்" என்றார்.